ஃபோன்ல காட்டற விலை வேற, கைக்கு வர்ற காசு வேற: சின்ன வெங்காயம் போடறவன் சொல்ற வழி

ரெண்டு வருசம் முன்னாடி நடந்தது. ஃபோன்ல சின்ன வெங்காயம் கிலோ 46ன்னு காட்டுச்சு, நான் குதிச்சுட்டு அப்பாகிட்ட போய் "இன்னைக்கே ஏத்திரலாம்"னு சொல்லி, அவரு "ரெண்டு நாள் பாக்கலாம்டா"ன்னு சொல்ல சொல்ல கேக்காம வண்டி வரச்சொல்லி 20 மூட்டை ஏத்திட்டு மண்டிக்கு போனா, ஏலத்துல 31க்கு மேல ஒருத்தரும் வாய தொறக்கல. நான் ஃபோன எடுத்து மண்டிக்காரர்கிட்ட காட்டினேன். அவரு கண்ணாடிய மேல தூக்கி விட்டுட்டு பாத்துட்டு, "தம்பி, அந்த விலைக்கு யாராவது வாங்கறாங்கன்னா அவங்களுக்கே குடுத்துருங்க, நான் வேணாங்கல"ன்னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அப்பா மட்டும் சிரிக்கல.

வீட்டுக்கு வந்து திரும்ப பாத்தப்பதான் தெரிஞ்சுது, அது மண்டி விலையே இல்ல, உழவர் சந்தை விலை. மார்க்கெட் பேருக்கு பக்கத்துல தெளிவா போட்டுருக்கு, நான்தான் படிக்கல. உழவர் சந்தை விலைங்கறது நாம நேரா உக்காந்து மக்களுக்கு ரெண்டு கிலோ மூணு கிலோன்னு நிறுத்து குடுக்கற விலை, மண்டிய விட கூட, வெளிக்கடைய விட கொறச்சலா தினமும் காலைல வெச்சு எழுதிப்போடறது. அதுக்கு மொத்தமா 20 மூட்டைய யாரு எடுப்பாங்க? இந்த ஒரு தப்புல ஆரம்பிச்சுதான் நான் இதெல்லாம் ஒழுங்கா கத்துக்கிட்டேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கற நம்மாளுகளுக்கு உதவும்னு. நான் தாராபுரம் பக்கம், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும்தான் போடறோம், அதனால கணக்கெல்லாம் அத வெச்சேதான் வரும். தக்காளிக்காரங்க மூட்டைய பெட்டின்னு மாத்திக்கோங்க.

முதல்ல விலை பாக்கறது எப்படின்னு. அக்மார்க்நெட்னு மத்திய அரசோட வெப்சைட் இருக்கு, 2000 வாக்குல இருந்தே ஓடுது. நம்ம தமிழ்நாடு அரசு விட்ட உழவன் ஆப் 2018 ஏப்ரல்ல வந்துச்சு, அதுலயும் சந்தை விலைன்னு ஒரு பகுதி இருக்கு. ரெண்டுலயும் பாக்கும்போது நாலு விஷயத்த பாக்காம நம்பாதீங்க. ஒண்ணு நான் மேல சொன்னது, மார்க்கெட் பேரு, உழவர் சந்தையா வேற எதுவுமா. தமிழ்நாட்டுக்கு வர்ற காய்கறி விலைல நிறைய உழவர் சந்தை விலைதான். ரெண்டாவது தேதி. சில மார்க்கெட்டுக்கு நாலு நாள் முன்னாடி போட்ட விலையே நிக்கும், அத இன்னைக்கு விலைன்னு நெனச்சு ஏத்தினா போச்சு. மூணாவது ரகம், வெங்காயம்னு மட்டும் தேடினா பெல்லாரிங்கற பெரிய வெங்காயமும் சின்னதும் ஒரே தலைப்புல வந்து நிக்கும், ரகம்ங்கற கட்டத்துல என்ன போட்டுருக்குன்னு பாருங்க. நாலாவது அளவு. அக்மார்க்நெட்ல குவிண்டாலுக்கு போடுவாங்க, அதாவது நூறு கிலோ, 3200ன்னு இருந்தா கிலோ 32. எங்க பக்கத்து தோட்டத்து மாமா ஒருத்தரு அத மூட்டை விலைன்னு நெனச்சு ஒரு நாள் முழுக்க சந்தோசமா இருந்தாரு, பாவம்.

அப்புறம் மூணு விலை போட்டுருக்கும், குறைஞ்சது, அதிகபட்சம், மாடல் விலைன்னு. அதிகபட்சத்த பாக்கவே பாக்காதீங்க, அது யாரோ ஒருத்தரு நல்லா காஞ்ச, ஒரே சைசு, செவப்பு மாறாத சரக்குக்கு வாங்கின விலை. மாடல் விலைங்கறது அன்னைக்கு அதிகம் பேருக்கு படிஞ்ச விலை. நம்ம சரக்கு நடுத்தரம்னா அதுக்கும் கீழ வர்ற விலைய மனசுல வெச்சுட்டு கிளம்புனா ஏமாத்தம் இருக்காது. ஒரு நாள் விலையும் வேணாம், பத்து நாள் விலைய ஒரு பேப்பர்ல எழுதி பாருங்க, ஏறுதா எறங்குதான்னு அதுல தெரியற மாதிரி எதுலயும் தெரியாது. அப்பாவுக்கு டைப் பண்ண வராது, மைக்க அமுத்தி தமிழ்லயே "இன்னைக்கு சின்ன வெங்காயம் விலை"ன்னு கேட்டுக்குவாரு, அது பாதி நேரம் ஏதோ சமையல் வீடியோ காட்டும், அது வேற கதை.

சரி இப்ப முக்கியமான கணக்குக்கு வருவோம். இத யாரும் ஆப்ல போட்டு தர மாட்டாங்க, நாமதான் போடணும். ஃபோன்ல பக்கத்து மண்டில 32, தூரத்து பெரிய மார்க்கெட்ல 38ன்னு காட்டுதுன்னு வைங்க. கிலோவுக்கு ஆறு ரூபா, ஆயிரம் கிலோவுக்கு ஆறாயிரம், யாருக்குத்தான் ஆசை வராது. 50 கிலோ மூட்டை 20ன்னு வெச்சு பாப்போம். பக்கத்து மண்டில மூட்டைக்கு ஒரு கிலோ கழிவுன்னு எடுத்துட்டா எடை 980, அதுக்கு 32ன்னா 31,360. நூத்துக்கு பத்து கமிஷன் 3,136. வண்டி மூட்டைக்கு 30 வீதம் 600, இறக்கு கூலி மூட்டைக்கு 8 வீதம் 160. கைக்கு வர்றது 27,464.

இப்ப தூரத்து மார்க்கெட். அங்க 38ங்கறது முதல் ரகத்துக்கு, நம்ம சரக்குல பொடி வெங்காயம் கலந்திருக்கு, 35க்குதான் போகும். கழிவு மூட்டைக்கு ரெண்டு கிலோ, எடை 960, அதுக்கு 33,600. கமிஷன் 3,360. வண்டி மூட்டைக்கு 110 வீதம் 2,200. இறக்கு கூலி 200. கூட போன ஆளுக்கு சாப்பாடு டீ பஸ்னு 400. கைக்கு வர்றது 27,440. அதாவது ஃபோன்ல ஆறாயிரம் கூட காட்டுன இடத்துல ராத்திரி பூரா முழிச்சு போய்ட்டு வந்து 24 ரூபா கம்மி. இது நான் உதாரணத்துக்கு போட்ட கணக்குதான், உங்க ஊர் வாடகை, உங்க மண்டி கழிவு எல்லாம் வேற வேற இருக்கும், உங்க நம்பர வெச்சு போடுங்க, ஆனா போடாம வண்டி மட்டும் வரச்சொல்லாதீங்க.

இதே கணக்க மூணு தோட்டம் சேந்து 60 மூட்டையா போட்டு பாருங்க. வண்டி நெறஞ்சு போறதால மூட்டைக்கு 110 இருந்தது 70 ஆகுதுன்னு வைங்க, கூட போறது ஒரே ஆளு. தூரத்து மார்க்கெட்ல கைக்கு 85,520, பக்கத்து மண்டில 82,392, இப்ப 3,128 ரூபா மிச்சம். ஆளுக்கு ஆயிரம். பெரிய காசு இல்லதான், ஆனா ஃபோன்ல பாத்த விலை காசா மாறுறது இப்படி பக்கத்து தோட்டத்துக்காரரும் நாமளும் ஒரே நாள்ல பிடுங்கி ஒரே வண்டில ஏத்தும்போதுதான். அதனால எங்க வாட்ஸ்அப் குரூப்ல நான் விலைய விட அதிகமா கேக்கறது "வியாழக்கிழமை யாரு யாரு ஏத்தறீங்க"ன்னுதான்.

இதுல ஒரு சின்ன ஆராய்ச்சி சமாச்சாரம் சொல்லிடறேன், எனக்கு ரொம்ப புடிச்சது. 1997ல இருந்து 2001 வரைக்கும் வட கேரளாவுல மத்தி மீன் பிடிக்கறவங்க கைல செல்ஃபோன் வந்தப்ப என்ன ஆச்சுன்னு ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதாரக்காரர் பாத்தாரு. ஃபோன் வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் வடகரை கரைல 11 பேரு வாங்க ஆளில்லாம மீன கொட்டப்போற நிலைமைல நிக்க, 15 கிலோமீட்டருக்குள்ள வேற கரைங்கள்ல 27 பேரு மீன் கிடைக்காம திரும்பி போறாங்க. ஃபோன் வந்தப்புறம் கடல்ல இருந்தே கூப்பிட்டு எந்த கரைல நல்ல விலைன்னு கேட்டு அங்க படக திருப்பிட்டாங்க, கொட்டறது நின்னுச்சு, மீனவங்க லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்கறவங்களுக்கு விலை 4 சதவீதம் கொறஞ்சுது. ஆஹா ஃபோன் வந்தா எல்லாம் சரியாயிரும்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் மகாராஷ்டிராவுல நூறு கிராமத்துல விவசாயிகளுக்கு ஒரு வருசம் எஸ்எம்எஸ்ல விலையும் வானிலையும் அனுப்பி பாத்தா, அவங்க வித்த விலைல சொல்லிக்கற மாதிரி ஒரு வித்தியாசமும் இல்ல. மத்தியப் பிரதேசத்துல 2000ல இருந்து ஐடிசி கம்பெனி இ-சௌபால்னு கிராமத்துல கம்ப்யூட்டர் வெச்சு சோயா விலைய காட்டுனதோட தானும் வாங்க ஆரம்பிச்சப்ப, பக்கத்து மண்டில விலை 1ல இருந்து 3 சதவீதம் வரைக்கும் ஏறிச்சு.

நான் இத எப்படி எடுத்துக்கறேன்னா, படகு இருக்கறவன் கரைய மாத்தலாம், சோயாக்காரனுக்கு ரெண்டாவதா வாங்க ஒரு ஆள் வந்தான், நமக்கு அப்படி இன்னொரு வாசல் இருக்கான்னு பாக்கணும். விலை தெரிஞ்சும் அதே மண்டிக்குத்தான் போயாகணும்னா அந்த விலை தெரிஞ்சு வயித்தெரிச்சல்தான் மிச்சம்.

நம்மள்ல நிறைய பேருக்கு அந்த வாசல் ஏன் இல்லைன்னு நமக்கே தெரியும், யாரும் வெளிய சொல்றதில்ல. விதை வெங்காயத்துக்கும் மருந்துக்கும் மண்டில முன்பணம் வாங்கியிருப்போம். வாங்கிட்டு வேற இடத்துக்கு சரக்க ஏத்த முடியாது, மரியாதையும் இல்ல. நாங்களும் ஆறு வருசம் அப்படித்தான் இருந்தோம். மண்டிக்காரர் கெட்டவரும் இல்ல, தங்கச்சி கல்யாணத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் பண்ணி கேட்டதும் காசு குடுத்து விட்டவரு. எந்த ஆப் அத பண்ணும்? அதனால முன்பணத்துல இருக்கறவங்க ஃபோன வேற மாதிரி பயன்படுத்துங்க. எங்க விக்கறதுன்னு பாக்க வேணாம், அதே மண்டில நமக்கு விழற விலைய பக்கத்து மார்க்கெட் விலையோட பத்து நாள் ஒப்பிட்டு எழுதி வைங்க. ஒவ்வொரு பில்லையும் ஃபோட்டோ எடுத்து வைங்க, கழிவு எத்தன, கமிஷன் எத்தன, எடை எத்தன. தோட்டத்துலயே நிறுத்து, மூட்டை மேல நம்பர் எழுதி, அத ஃபோட்டோ எடுத்துட்டு ஏத்துங்க. ஒரு சீசன் பில்ல மொத்தமா காட்டி "அண்ணா, மூணு கிலோ கழிவுன்னு எழுதியிருக்கு, தோட்டத்து எடைக்கும் இங்க எடைக்கும் இவ்வளவு வித்தியாசம்"னு சண்டை போடாம கேட்டா நிச்சயம் ஏதாவது எறங்கி வரும். எங்களுக்கு மூணு கிலோ ரெண்டு கிலோவாச்சு. இன்னொரு பக்கம் தொடக்க வேளாண்மை கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடனுக்கு முயற்சி பண்ணி முன்பணத்த கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க, அதுதான் நிஜமான தொறவுகோல், ஆப் எல்லாம் அதுக்கப்புறம்.

காய்கறி இல்லாம மக்காச்சோளம், பருத்தி, நிலக்கடலை, கொப்பரை, மஞ்சள்னு வெச்சிருந்தா ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒரு தடவை போய் பாருங்க. 2016 ஏப்ரல் 14ல ஆரம்பிச்ச இ-நாம்ங்கற மத்திய அரசோட ஆன்லைன் ஏலச் சந்தை நம்மூரு கூடங்கள்ல நிறைய எடத்துல வந்துருச்சு. ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்துட்டு போய் பதிஞ்சா, வாசல்ல சரக்க பதிவு பண்ணி லாட் நம்பர் தருவாங்க, மாதிரி எடுத்து தரம் பாப்பாங்க, வியாபாரிங்க கம்ப்யூட்டர்லயோ ஃபோன்லயோ விலை போடுவாங்க. விலை புடிக்கலைன்னா வேணாம்னு சொல்ல உரிமை இருக்கு, இது நெறைய பேருக்கு தெரியாது, கூச்சப்பட்டு தலையாட்டிட்டு வந்துர்றாங்க. காசு பேங்க் கணக்குக்கு வரும். அங்கயே குடோன்ல சரக்க அடமானமா வெச்சு பொருளீட்டுக் கடன் வாங்கற வசதியும் இருக்கு, விலை எறங்கி கெடக்கும்போது அவசரத்துக்கு விக்காம இருக்க அது ஒண்ணுதான் வழி. ஒண்ணே ஒண்ணு, மக்காச்சோளம் ஈரமா கொண்டு போனா மெஷின் காட்டிக்குடுத்துரும், காய வெச்சு கொண்டு போங்க. மஞ்சள்னா விரலி விலையும் கிழங்கு விலையும் தனித்தனி, கலந்து பாத்து ஏமாறாதீங்க.

அடுத்தது மழை. சின்ன வெங்காயத்துக்கு விலைய விட மழைதான் எனக்கு பயம். பிடுங்கி வயல்லயே போட்டு காய விட்டு, தாள் அறுத்து, வெங்காயத்த சேத்து வெக்கற பட்டறைக்கு ஏத்தற அந்த நாலஞ்சு நாள்ல ஒரு நல்ல மழை புடிச்சா முடிஞ்சுது, பட்டறைக்குள்ள இருந்து வர்ற அந்த அழுகல் வாசனை இருக்கே, ஒரு தடவை மோந்தவங்களுக்கு மறக்காது, ஒரு வாரத்துக்கு வீட்ல சோறு எறங்காது. மேகதூத்னு ஒரு ஆப் 2019ல வந்துச்சு, வானிலைத் துறை போடறது, அஞ்சு நாள் முன்னறிவிப்பும் செவ்வாய் வெள்ளி பயிர் ஆலோசனையும் வரும். ஆனா பெரும்பாலும் அது மாவட்டம் முழுக்க சொல்றது. நம்ம தோட்டத்துல பெய்யுமாங்கறத அது சொல்லாது. நான் பண்றது என்னன்னா, பிடுங்கறதுக்கு ஆள் சொல்றதுக்கு முன்னாடி அத பாத்து அஞ்சு நாளும் வெளுத்து இருந்தா ஆள் சொல்றேன், ரெண்டு நாள் மழைன்னா தார்ப்பாய எடுத்து வெச்சுக்கறேன். அப்பா எறும்பு முட்டைய தூக்கிட்டு போகுதான்னு பாப்பாரு. சில தடவை எறும்பு ஜெயிச்சிருக்கு, ஒத்துக்கறேன். இடி மின்னலுக்கு தாமினின்னு இன்னொரு ஆப் இருக்கு, மாடு மேய்க்கறவங்க கட்டாயம் வெச்சுக்கோங்க.

நோய்க்கு ஃபோட்டோ எடுத்து கேக்கற ஆப் வந்துருக்கு, பிளான்டிக்ஸ் மாதிரி, தமிழ்லயும் இருக்கு. நல்லதுதான், ஆனா ஃபோட்டோ எடுக்கறதுல இருக்கு விஷயம். எல்லாரும் இலை நுனிய மட்டும் எடுக்கறாங்க. சின்ன வெங்காயத்துல கோழிக்கால் நோய்னு சொல்றோமே திருகல், அதுல தாள் சுருண்டு முறுக்கிட்டு நிக்கும், இலைப்பேன் அடிச்சாலும் தாள் வெளுத்து வளையும், ஒத்த இலைய பாத்து மெஷினுக்கு என்ன தெரியும். ஒரு செடிய வேரோட பிடுங்கி மண்ண தட்டி, கழுத்து, காய், வேரு தெரியற மாதிரி காலை வெளிச்சத்துல எடுங்க, அப்புறம் வயல தள்ளி நின்னு எவ்வளவு பரவியிருக்குன்னு ஒண்ணு எடுங்க. ஆப் என்ன சொன்னாலும் உடனே மருந்துக்கடைக்கு ஓடாம, கிசான் கால் சென்டர் 1800-180-1551க்கு ஒரு ஃபோன் போடுங்க, காசு இல்ல, காலைல 6ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் தமிழ்லயே பேசுவாங்க. இல்ல உங்க ஏரியா உதவி வேளாண்மை அலுவலருக்கு அதே ஃபோட்டோவ அனுப்புங்க. மருந்து கம்பெனி பேர எழுதிக்காதீங்க, டப்பாவுல கீழ சின்னதா போட்டுருக்கற மருந்தோட பேர எழுதிக்கோங்க, அப்பதான் ஒரே மருந்த மூணு பேர்ல மூணு தடவை அடிக்காம இருப்பீங்க. நாங்க அடிச்சிருக்கோம்.

வாட்ஸ்அப் குரூப் பத்தி ரெண்டு வார்த்த. குரூப்ல நம்மாளுக மட்டும் இல்ல, வியாபாரிங்களும் புரோக்கருங்களும் இருக்காங்க. "எனக்கு 80 மூட்டை ரெடி, திங்கக்கிழமை ஏத்தறேன்"னு நீங்க போட்டா அவங்களும் படிப்பாங்க. அளவு, அவசரம் ரெண்டையும் குரூப்ல போடாதீங்க, நேர்ல பேசுங்க. "விலை எறங்க போகுது சீக்கிரம் வித்துருங்க"ன்னு வர்ற ஃபார்வர்டுக்கு தேதியோட பில் ஃபோட்டோ கேளுங்க, பெரும்பாலும் பதில் வராது. அப்புறம் பி.எம். கிசான் பேர்ல, பேங்க் பேர்ல ஏபிகேன்னு ஆப் ஏத்தற ஃபைல் வரும், தொட்டு இன்ஸ்டால் பண்ணிட்டா ஃபோன்ல இருக்கற ஓடிபி எல்லாம் அவன் கைக்கு போயிரும். தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வரும், ஏன்னா அவங்க ஃபோன் ஏற்கனவே போயிருக்கும். காசு போச்சுன்னா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிடுங்க, நாளைக்கு பாக்கலாம்னு இருந்தா திரும்ப வராது.

எதை போடறதுன்னு முடிவு பண்றதுக்கு கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல இருந்து விதைப்புக்கு முன்னாடி விலை முன்னறிவிப்பு விடுவாங்க, அறுவடை சமயத்துல இவ்வளவுல இருந்து இவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு. அத நான் பாக்கறேன், ஆனா கீழ் எல்லைய வெச்சு செலவு கட்டுமான்னு மட்டும் பாக்கறேன். இன்னைக்கு ஃபோன்ல ஏறியிருக்கற விலைய பாத்து நாத்து விடறது மாதிரி ஆபத்து இல்ல, ஏன்னா அதே விலைய அதே நாள் எல்லாரும் பாக்கறாங்க. 2023 ஜூலைல தக்காளி சில ஊர்ல கிலோ 200 தொட்டுச்சு, அத பாத்து போட்டவங்க காய் பறிக்கும்போது செப்டம்பர்ல பறிப்பு கூலிக்கே காணாம ரோட்டோரம் கொட்டினாங்க. அந்த காலத்துல ஒவ்வொரு ஊரும் தனித்தனியா தப்பு பண்ணுச்சு, இப்ப ஃபோன் இருக்கறதால எல்லாரும் ஒண்ணா பண்றோம்.

இன்னொண்ணு, எங்க வீட்ல ஃபோன் எங்கிட்டயும் அப்பாகிட்டயும்தான் இருக்கு. காய் தரம் பிரிக்கறது, பட்டறைல எது அழுகுதுன்னு மொத மொத கண்டுபுடிக்கறது எல்லாம் அம்மா. போன வருசம்தான் விலைய அம்மாகிட்ட படிச்சு காட்ட ஆரம்பிச்சேன். "முதல் ரகத்துக்கும் ரெண்டாவதுக்கும் மூணு ரூபா வித்தியாசம்னா பொடிய தனியா எடுத்துரலாமே, பொடிய உழவர் சந்தைக்கு கொண்டு போனா சாம்பாருக்கு கேட்டு வாங்குவாங்க"ன்னு ஒரே நிமிசத்துல சொல்லிட்டாங்க. ஆறு வருசமா எங்க ரெண்டு பேர் மண்டைலயும் அது வரல. உழவர் சந்தை அட்டை அம்மா பேர்லயே எடுத்தோம், அங்க கமிஷனும் இல்ல, கடை வாடகையும் இல்ல, தராசும் அவங்களே குடுக்கறாங்க, அம்மா வாரத்துல ரெண்டு நாள் மொத பஸ்ஸுல போறாங்க.

இப்போதைக்கு பட்டறைல 38 மூட்டை இருக்கு. செவ்வாய்க்கிழமை ஆலோசனை வரட்டும், பக்கத்து ரெண்டு தோட்டத்துக்காரங்களும் வெள்ளிக்கிழமை ஏத்தறேன்னு சொல்லியிருக்காங்க. வண்டிக்காரர்கிட்ட மூணு தோட்டத்துக்கும் சேத்து வாடகை கேட்டிருக்கேன், அவரு இன்னும் பதில் சொல்லல.